மஜ்ஜையில் தழும்பு விழுந்தால் ஸ்டெம் செல் மாற்று கூடாதா?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குப் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். பட்டுப்புழு வளர்க்கிறோம், மல்பெரி போக மீதி நிலத்தில் தக்காளி. என் வீட்டுக்காரருக்கு வயது 39. மூன்று வருடத்துக்கு முன்னால் கழுத்தில் நெறி கட்டியது, ராத்திரியில் சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. முதலில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. அப்புறம்தான் சதை எடுத்துப் பார்த்து ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஆறு மாதம் கீமோ ஏற்றினார்கள். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் இருந்தார்.

இப்போது மறுபடியும் காய்ச்சல், உடம்பெல்லாம் அரிப்பு. ஹீமோகுளோபின் 8, பிளேட்லெட் 70 ஆயிரம். இடுப்பு எலும்பில் ஊசி போட்டு இழுத்தபோது ஒன்றும் வரவில்லை என்று எலும்புத் துண்டு எடுத்தார்கள். மஜ்ஜையில் லிம்போமா இருக்கிறது, தழும்பும் விழுந்திருக்கிறது, 'எம்எஃப்-2' என்று ரிப்போர்ட் வந்தது. வேறு கீமோ கொடுத்துவிட்டு ஸ்டெம் செல் மாற்று செய்யலாம் என்கிறார் எங்கள் டாக்டர். இன்னோர் இடத்தில் காட்டினோம். தழும்பு விழுந்த மஜ்ஜையில் ஸ்டெம் செல் ஒட்டாது, நிலத்தை விற்றுப் பணத்தைக் கரைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யார் சொல்வதை நம்புவது?

என் கொழுந்தனார் தன்னுடைய ஸ்டெம் செல்லைத் தருகிறேன் என்கிறார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, மாமியார் பயப்படுகிறார். எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால்தான் எலும்புக்குள் தழும்பு வந்ததா? ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போக அவருக்கு ஆசை. கூட்டிப் போகலாமா?

பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிலத்தை விற்க வேண்டுமா என்கிற பேச்சு இப்போதைக்கு வேண்டாம், அதற்குப் பிறகு வருகிறேன். தழும்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஸ்டெம் செல் (மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்குகிற தாய்ச்செல்) மாற்று கூடாது என்று சொன்னால் அது சரியில்லை. மைலோஃபைப்ரோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. மஜ்ஜை முழுக்கத் தழும்பாகிப் போவதுதான் அந்த நோயே. அதை அடியோடு குணப்படுத்த இன்றைக்கு இருக்கிற ஒரே வழி, இன்னொருவருடைய ஸ்டெம் செல்லை ஏற்றுவதுதான். தழும்பின் கடைசிப் படியான எம்எஃப்-3 வரைக்கும் போன மஜ்ஜையில்கூட புதுச் செல் போய் உட்கார்ந்து வளர்கிறது. வளர்ந்த பிறகு, பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அந்தத் தழும்பே கரைந்துவிடுகிறது. ஒட்டவே ஒட்டாது என்பது உண்மையாக இருந்தால் அந்தச் சிகிச்சையே இருக்காது.

தழும்பால் தொந்தரவு இல்லை என்று சொல்லவரவில்லை. செல் சேகரிக்கும்போது சிரமம் கொடுக்கும், ஏற்றிய பிறகு ரத்த அணுக்கள் ஏறத் தாமதமாகும். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கப்போவது வேறு இரண்டு கேள்விகள். இந்தத் தழும்பை யார் போட்டது? புதுக் கீமோவுக்கு லிம்போமா அடங்குகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இல்லாமல், மாற்று செய்யலாம் என்பதும் அவசரம், கூடாது என்பதும் அவசரம்.

முதலில் அந்த ரிப்போர்ட்டைப் படிப்போம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பின் பின்பக்க எலும்பில் மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு, சிரிஞ்சால் மஜ்ஜையை இழுப்பார்கள். சாதாரணமாகச் சிவப்பாக, சின்னச் சின்னத் துகளோடு வரும். மஜ்ஜைக்குள் நார் பின்னிக்கிடந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. 'டிரை டேப்' என்போம். ஊசி போட்டவர் தெரியாமல் போட்டுவிட்டார் என்று நினைக்கவேண்டாம், வராமல் போனதே ஒரு தகவல்தான். அதற்குப் பிறகு தடித்த ஊசியைத் திருகி உள்ளே இறக்கி, பென்சில் முனைக் கரியைப் போல ஒல்லியாக, ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு எலும்புத் துண்டு எடுப்பார்கள். அதை மெல்லிசாகச் சீவி வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் நார்கள் கருப்புக் கோடாகத் தெரியும். அங்கங்கே ஒன்றிரண்டு என்றால் எம்எஃப்-0. தளர்வாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் 1, எங்கும் அடர்ந்து பின்னியிருந்தால் 2, அதோடு கொலாஜன் என்கிற முரட்டு நாரும் கட்டுக்கட்டாகச் சேர்ந்து எலும்பும் தடித்துப்போயிருந்தால் 3. உங்கள் வீட்டுக்காரருக்கு 2. முற்றிய கட்டம் இல்லை.

இப்போது, யார் போட்ட தழும்பு? இந்தக் கேள்வியைத்தான் இரண்டாவது இடத்தில் கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நார் தானாக வருவதில்லை. மஜ்ஜையில் நார் நெய்கிற செல்கள் எல்லோருக்கும் உண்டு, சும்மா இருக்கும். பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்று டிஜிஎஃப்-பீட்டா போன்ற ரசாயனங்களைச் சுரந்து அவற்றைத் தூண்டிக்கொண்டே இருந்தால் நெய்ய ஆரம்பித்துவிடும். தூண்டுவது நின்றால் நெய்வதும் நிற்கும், ஏற்கெனவே இருக்கிற நாரையும் உடம்பு மெல்ல மெல்ல அரித்துச் சுத்தம் செய்துவிடும்.

ஹாட்ஜ்கின் லிம்போமா மஜ்ஜைக்குள் இறங்கினால் இப்படித் தூண்டுவதில் பேர்போனது. அது இறங்கிய இடத்தில் தழும்பு இல்லாவிட்டால்தான் ஆச்சரியப்படுவோம். உங்கள் ரிப்போர்ட்டில் லிம்போமா செல்லும் நாரும் ஒரே துண்டில் தெரிந்திருப்பதால் இதுதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. இதுவாக இருந்தால் ஒரு நல்ல சேதி: லிம்போமா ஒழிய ஒழியத் தழும்பும் குறையும்.

ஆனாலும் வேறு இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, லிம்போமாவோடு கூடவே மைலோஃபைப்ரோசிஸும் தனி நோயாக இருக்கிறதா. அரிது, ஆனால் உண்டு. கையில் எடுக்கிற ரத்தத்திலேயே ஜாக்2, சிஏஎல்ஆர், எம்பிஎல் என்று மூன்று மரபணுக்களைப் பார்க்கலாம். மண்ணீரல் ரொம்பப் பெரிதாக இருக்கிறதா, ரத்தத்தைக் கண்ணாடியில் தீட்டிப் பார்த்தால் சிவப்பணுக்கள் கண்ணீர்த்துளி வடிவத்தில் தெரிகின்றனவா என்பதும் துப்பு கொடுக்கும். இரண்டாவது, முதலில் கொடுத்த கீமோவாலேயே மஜ்ஜையின் தாய்ச்செல் கெட்டு, ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்க முடியாத எம்டிஎஸ் என்கிற நிலை தொடங்கிவிட்டதா. இதற்குக் குரோமோசோம் சோதனை வேண்டும். மஜ்ஜைத் தண்ணீர் வராததால் அந்தச் சோதனை நடக்காமல் போயிருக்கலாம், ரிப்போர்ட்டில் தேடிப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் எலும்புத் துண்டிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அவருடைய சொந்த ஸ்டெம் செல்லே பழுது. அதைச் சேகரித்து அவருக்கே திருப்பி ஏற்றினால் கெட்ட விதையை எடுத்துவைத்து மறுபடி அதையே விதைத்த கதையாகிவிடும். அப்போது தம்பியுடைய செல்தான் வழி.

காசநோயும் மஜ்ஜையில் தழும்பு போடக்கூடியது. ஏற்கெனவே ஒருமுறை மாத்திரை சாப்பிட்டவர் என்பதால், எலும்புத் துண்டில் அதையும் தேடினார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காய்ச்சல், இரவு வேர்வை, எடை குறைவு, நெறி என்று இரண்டும் ஒரே வேஷத்தில் வரும். நம் பக்கம் லிம்போமாக்காரர்களில் காசநோய் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் ரொம்பப் பேர். நெறி கட்டினால் துண்டு எடுத்துப் பார்க்காமல் மாத்திரையைத் தொடங்குகிற பழக்கம் போகவேண்டும் என்று எனக்குப் பல நாள் ஆதங்கம்.

ஃபுளோரைடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் பிறந்த யாருக்கும் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறுவதிலிருந்து முதுகு வளைந்து விறைத்துப்போவது வரைக்கும் நாம் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடு எலும்பின் கெட்டியான பகுதியைத் தடிக்கச் செய்யும், மூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தசைநார்களில் சுண்ணாம்பு படியவைக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு லிம்போமா செல் இருக்கிற அதே இடத்தில் நார் இருக்கிறது. அதற்குத் தண்ணீர்மேல் பழி போட வேண்டியதில்லை, லிம்போமா வந்ததற்கும் அது காரணமில்லை. ஆனால் ஒன்று செய்யுங்கள். வெளியூரில் ஸ்கேன் எடுக்கும்போது, நாங்கள் ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் என்று சொல்லிவையுங்கள். எலும்பு அடர்த்தியாகத் தெரிவதைப் பார்த்து நோய் எலும்பெல்லாம் பரவிவிட்டதோ என்று படம் பார்ப்பவர் குழம்பாமல் இருப்பார்.

அடுத்தது, நோய் அடங்குகிறதா என்பது. உங்கள் டாக்டர் சொன்ன வேறு கீமோ என்பது ஐஸ், டிஹாப், ஜிடிபி போன்ற கூட்டுகளில் ஒன்றாக இருக்கும். இரண்டு மூன்று சுற்று கொடுத்துவிட்டு, நோய் எங்கெங்கே மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற பெட் ஸ்கேன் எடுப்பார்கள். அதில் நோய் முழுக்க மறைந்திருந்தால் மாற்றுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. பாதிதான் குறைந்திருந்தால் பிரென்டுக்ஸிமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற புது மருந்துகளைக் கொடுத்து இன்னும் குறைக்கப் பார்ப்பார்கள். விலை அதிகம், ஆனால் ஹாட்ஜ்கினில் இவை கேட்பது போல மற்ற லிம்போமாக்கள் பலவற்றில் கேட்பதில்லை. எதற்குமே அடங்காமல் வளர்ந்துகொண்டிருக்கிற நோயோடு மாற்றுக்குப் போவதைத்தான் நான் வேண்டாம் என்பேன். தழும்புக்காக இல்லை, பலன் கிடைக்காது என்பதற்காக.

திரும்பி வந்த ஹாட்ஜ்கினுக்கு, கீமோவுக்கு அடங்குமானால், சொந்த ஸ்டெம் செல் மாற்றுதான் வழக்கமான சிகிச்சை. வெறும் கீமோவைவிட இது நோயை நீண்ட நாள் அடக்கிவைக்கிறது என்று 1993-இல் பிரிட்டனிலும் 2002-இல் ஜெர்மனியிலும் ஐரோப்பாவிலும் ஒப்பிட்டுப் பார்த்து நிரூபித்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்புவதில்லை. மாற்றுக்கு முன் பெட் ஸ்கேன் சுத்தமாக வந்தவர்களுக்கு அதைவிடவும் நன்றாகவே இருக்கிறது.

'மாற்று' என்ற பெயரைக் கேட்டு ஆபரேஷன் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கத்தியே கிடையாது. முதலில் அவருடைய ஸ்டெம் செல்லை ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்துவைப்பார்கள். அப்புறம் மஜ்ஜையே தாங்காத அளவுக்குக் கடுமையான கீமோ. லிம்போமாவைக் கொல்வது அந்தக் கீமோதான். அதில் மஜ்ஜையும் அழிந்துபோகும் என்பதால், எடுத்துவைத்த செல்லை ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பில் ஏற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். உறையவைத்த செல் என்றால் ஏற்றும்போது அறையே பூண்டு வாசம் அடிக்கும், அதோடு சேர்க்கிற பாதுகாப்பு மருந்தின் வாசம் அது. பயப்பட வேண்டாம்.

தழும்பு தன் வேலையைக் காட்டுவது செல்லைச் சேகரிக்கிற இடத்தில். நான்கைந்து நாள் ஜிசிஎஸ்எஃப் ஊசி போட்டால் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரும். இயந்திரத்தில் நான்கைந்து மணி நேரம் ரத்தத்தைச் சுற்றவிட்டு அவற்றைப் பிடிப்பார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் செல் வேண்டும், 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. அவர் 60 கிலோ இருந்தால் குறைந்தபட்சமே 12 கோடி. ஏற்கெனவே கீமோ வாங்கி, லிம்போமாவும் நாரும் அடைத்திருக்கிற மஜ்ஜையிலிருந்து அவ்வளவு வெளியே வருவது சிரமம்.

அதனால் இதை உங்கள் டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள்: புதுக் கீமோ முடிந்து பெட் ஸ்கேன் நன்றாக வந்ததும், செல் சேகரிப்பதற்கு முன்னால், இன்னொரு தடவை எலும்புத் துண்டு எடுத்துப் பார்ப்பீர்களா? மறுபடியும் ஊசியா என்று உங்கள் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்தான், அந்த வலி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் லிம்போமா மஜ்ஜையை விட்டுப் போய்விட்டதா, நார் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியிருக்கிறதா என்று பெட் ஸ்கேன் மட்டும் முழுசாகச் சொல்லிவிடாது. மஜ்ஜையில் நோயோடு செல்லை எடுத்தால் லிம்போமாவையும் சேர்த்துப் பையில் பிடித்துவைத்த மாதிரி ஆகும். சுத்தமாக இருந்தால் சேகரிக்கலாம். ரத்தத்தில் ஸ்டெம் செல்லின் அடையாளமான சிடி34 எண்ணிக்கை ஏறாவிட்டால் பிளெரிக்ஸாஃபர் என்று ஓர் ஊசி இருக்கிறது. முந்தின ராத்திரி போட்டால், மஜ்ஜையைப் பிடித்துக்கொண்டிருக்கிற செல்லை விடுவித்து மறுநாள் காலைக்குள் ரத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்த மருந்தைக் கையில் வைத்திருக்கிறார்களா, செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்துவையுங்கள். கடைசி நேரத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மருந்துக்கடைக்கு ஓடவேண்டாம்.

செல் ஏற்றிய பிறகு வெள்ளையணு 500-ஐத் தாண்ட வழக்கமாக 10 முதல் 14 நாள். மண்ணீரல் வீங்கித் தழும்பும் மிச்சம் இருந்தால் இது நீளும். பிளேட்லெட் இன்னும் மெதுவாக ஏறும். பக்கத்து அறைக்காரருக்கு ஏறிவிட்டது, இவருக்கு ஏன் ஏறவில்லை என்று நீங்கள் கலங்குகிற நாட்கள் அவை. அந்த அறையில் ஆளுக்கு ஆள் கணக்குப் பார்க்காதீர்கள். அந்தக் கடுமையான கீமோவில் மெல்ஃபலான் என்ற மருந்தை ஏற்றுகிற நேரத்தில் வாயில் ஐஸ் துண்டைப் போட்டுக்கொண்டே இருந்தால் வாய்ப்புண் குறையும். அற்பமாகத் தெரியும், ஆனால் நிஜமாகவே வேலை செய்கிறது. நர்ஸ் மறந்தாலும் நீங்கள் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

கொழுந்தனார் விஷயம். இப்போதைக்கு அவருடைய செல் தேவைப்படாமலே போகலாம். சொந்தச் செல் போதுமான அளவு கிடைக்காவிட்டால், அல்லது அதில் பழுது இருந்தால், அல்லது சொந்தச் செல் மாற்றுக்குப் பிறகும் நோய் திரும்பினால் அவர் வேண்டும். பிறருடைய செல்லில் ஒரு லாபம் உண்டு, அந்தப் புது எதிர்ப்புச் சக்தியே லிம்போமாவைத் தேடிக் கொல்லும். நஷ்டம், அதே சக்தி நோயாளியின் தோல், குடல், கல்லீரலையும் தாக்கலாம். ஜிவிஎச்டி என்பார்கள். சொந்தச் செல் மாற்றில் உயிருக்கு ஆபத்து நூற்றில் ஐந்து பேருக்கும் கீழே, பிறர் செல்லில் அதைவிடப் பல மடங்கு. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் வாங்கியிருந்தால் இந்த ஜிவிஎச்டி இன்னும் கூடலாம் என்பதால் அந்த விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

கூடப் பிறந்தவருக்கு முழுப் பொருத்தம் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு, பாதிப் பொருத்தம் இருக்க நாலில் இரண்டு. முன்பெல்லாம் பாதிப் பொருத்தம் என்றால் கையை விரித்துவிடுவோம். இப்போது செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாள் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து கொடுத்து அதையும் சமாளிக்கிறோம். நம் பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற குடும்பங்களில் சொந்தத்துக்குள்ளேயே பொருத்தம் கிடைப்பதும் உண்டு.

உங்கள் மாமியாருக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஆபரேஷன் இல்லை, எலும்பை அறுப்பதும் இல்லை. நான்கைந்து நாள் ஊசி, ஒரு நாளோ இரண்டு நாளோ இயந்திரத்தில் படுக்கை. ஊசி போடுகிற நாட்களில் இடுப்பும் முதுகும் வலிக்கும், பாராசிட்டமால் போதும். கொடுத்த செல் சில வாரத்தில் உடம்பில் திரும்ப ஊறிவிடும். கல்யாணத்துக்கோ குழந்தை பிறப்பதற்கோ ஒரு தடையும் இல்லை. தடை வரக்கூடியது உங்கள் வீட்டுக்காரருக்குத்தான். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அடுத்த கீமோவுக்கு முன்னாலேயே விந்து சேமிப்பதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. ரத்தம் ஏற்றவேண்டி வந்தால் பாசத்தில் தம்பியும் மாமனும் வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய ரத்தம் இவருக்கு வேண்டாம். நாளைக்குத் தம்பியின் ஸ்டெம் செல் தேவைப்பட்டால், இன்று ஏறிய அவர் ரத்தத்தால் உடம்பு உஷாராகி அதை ஏற்காமல் போகலாம். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் வேறொரு அபாயமும் இருக்கிறது, அதிலிருக்கிற வெள்ளையணு நோயாளியையே தாக்கத் தொடங்கலாம். அவர்கள் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், இவருக்கு வேறு யாருடையதாவது ஏறட்டும். ஹாட்ஜ்கின் நோயாளிக்குக் கதிர்வீச்சு பட்ட ரத்தம்தான் ஏற்றவேண்டும், பையில் அந்த லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள்.

நோயாளியின் எதிர்ப்பு செல்லையே மாற்றியமைத்து ஏற்றுகிற கார்-டி செல் சிகிச்சை பற்றி யாராவது வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார்கள். இந்தியாவில் செய்த முதல் கார்-டிக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது உண்மைதான், ஆனால் அது பி-செல் லிம்போமாவுக்கும் ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கும். ஹாட்ஜ்கினுக்கு இல்லை.

எங்கே போவது? வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது, கிருஷ்ணகிரியில் ஏறினால் ஒரே நெடுஞ்சாலை. சென்னை, புதுச்சேரி, பெங்களூரு எல்லாவற்றிலும் மையங்கள் உண்டு. பெங்களூரு உங்களுக்குக் கிட்டம், ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே நீங்கள் பார்க்கிற மருத்துவமனையில் செல்லுமா என்று கேட்ட பிறகுதான் பஸ் ஏறவேண்டும். தமிழ்நாட்டுக்குள் அங்கீகரித்த மருத்துவமனைகளில் மஜ்ஜை மாற்று அந்தத் திட்டத்தில் உண்டு. எவ்வளவு வரும், எவ்வளவு கையிலிருந்து போடவேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிலத்தைப் பற்றிப் பேசவேண்டிய இடம் அதற்குப் பிறகுதான். சொந்தச் செல் மாற்று சில லட்சம் ஆகும், பிறர் செல் என்றால் இரண்டு மடங்குக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை பில்லில் வராத செலவு ஒன்று இருக்கிறது: மூன்று நான்கு வாரம் உள்ளே, அப்புறம் பக்கத்திலேயே வாடகை அறை, சமைத்துக் கொடுக்க ஓர் ஆள். பிறர் செல் என்றால் முதல் நூறு நாள் அந்த ஊரைவிட்டு நகர முடியாது. போகும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எலும்புத் துண்டின் கண்ணாடி ஸ்லைடும் மெழுகுக் கட்டியும் பரிசோதனைக் கூடத்தில் கேட்டால் கொடுப்பார்கள். தழும்பு யாருடையது என்று புதிய இடத்தில் மறுபடி பார்க்க அவை வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு புழு ஷெட்டுக்குள் அவர் போகக் கூடாது. குறைந்தது ஆறு மாதம், பிறர் செல் என்றால் ஒரு வருடத்துக்கு மேல். புழுப் படுக்கை மாற்றும்போது கிளம்புகிற தூசி, மிஞ்சிய இலையில் பூக்கிற பூஞ்சை, ஷெட்டில் தூவுகிற சுண்ணாம்பு, ஃபார்மலின் எதுவும் அவர் நுரையீரலுக்கு ஆகாது. முதல் கீமோவில் பிளியோமைசின் என்ற மருந்து வாங்கியிருந்தால் நுரையீரல் ஏற்கெனவே கொஞ்சம் அடி பட்டிருக்கும். சாணி அள்ளுவது, வைக்கோல் போர் பிரிப்பது இரண்டையும் வேறு யாராவது பார்க்கட்டும். சாப்பாட்டில் சுடச்சுடக் கேழ்வரகுக் களி தாராளமாகக் கொடுக்கலாம். புளித்த கூழும் பழைய சோறும் அணுக்கள் ஏறும்வரை வேண்டாம். மாம்பழம் கேட்டால், நன்றாகக் கழுவித் தோல் சீவி, அடிபடாத பழமாகப் பார்த்துக் கொடுங்கள்.

ஒகேனக்கல். மாற்று முடிந்த வருடம் ஆற்றுக் குளியல் கிடையாது. கழுத்திலோ கையிலோ குழாய் இருக்கும்போது கேட்கவே வேண்டாம். இந்த ஆடிக்கு என்றால், கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும், பதினெட்டாம் பெருக்கு அந்த நாட்களில் விழுந்தால் வீட்டிலேயே இருங்கள். அப்படி விழாமல், அதையொட்டி எடுத்த ரத்த ரிப்போர்ட்டும் நன்றாக இருந்தால், கூட்டம் சேருவதற்கு முன் காலையிலேயே போய்க் கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம். கண் முன்னால் பொரித்த மீன் சூடாக இருந்தால் சாப்பிடட்டும். எண்ணெய் மசாஜுக்கு மட்டும் உட்கார விடாதீர்கள், 70 ஆயிரம் பிளேட்லெட்டில் அந்த அமுக்கு அமுக்கினால் உடம்பெல்லாம் ரத்தம் கட்டிக்கொள்ளும். பையில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4-ஐத் தொட்டால் மாத்திரை கொடுத்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், கீமோ சீட்டையும் எடுத்துக்கொண்டு நேராகத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.